இரண்டு மலை, நடுவில் சூரியன்: படப்புத்தகங்களை வைத்து ஓவிய வகுப்பு நடத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் பின்கட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். நான் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவள் இல்லை. இரண்டு பாய், இருபது பரீட்சை அட்டை, ஒரு பெட்டி நிறையப் படப்புத்தகம், இவ்வளவுதான் மூலதனம். ஆசிரியர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

ஓவிய வகுப்புக்கு எதற்குக் கதைப் புத்தகம்? தாளையும் கலரையும் கொடுத்தால் பிள்ளைகளே வரைய மாட்டார்களா?

வரைவார்கள். என்ன வரைவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிடுக்கில் கிளம்பி வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு வீடு, ஒரு தென்னை, வானத்தில் டிக் அடித்த மாதிரி நாலு பறவை. எங்களுடையது காவிரிப் பாசன ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வயல்தான், மலை என்று சொல்ல ஒரு மேடு கிடையாது. பிறகு எங்கிருந்து வருகிறது இந்த மலை? அண்ணன் வரைந்தான், அக்கா வரைந்தாள், போன வருடம் போட்டியில் பரிசு வாங்கிய படத்திலும் அதுதான் இருந்தது.

ஆக, பிள்ளைகள் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். என்ன, அந்த ஒன்றை மட்டுமே பார்த்திருக்கிறார்கள். "கற்பனையா வரைங்க கண்ணுங்களா" என்று சொன்னால் மலை போகாது. வேறு பத்துப் பேருடைய கை எப்படியெல்லாம் வேலை செய்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் அது கொஞ்சம் நகர்ந்து இடம் விடும். எங்களூரிலிருந்து ஓவியக் கண்காட்சி பார்க்கப் போய்வர முழுதாக ஒரு நாள் ஆகும். படப்புத்தகம் மடியிலேயே இருக்கிறது.

அப்படியானால் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து வரையச் சொல்லலாமா?

கூடாது. நான் புத்தகத்தை மூடிப் பெட்டியில் போட்ட பிறகுதான் தாளைக் கையில் கொடுப்பேன். புழுக் கதைப் புத்தகம் ஒன்று திறந்திருந்தால் மலைக்குப் பதிலாகப் புழு வரும், அவ்வளவுதான் வித்தியாசம். முப்பது பேரும் ஒரே புழுவை வரைவார்கள். அதில் யாருடையது அசலைப் போல இருக்கிறது என்று போட்டி, யாருடையது இல்லை என்று அழுகை.

புத்தகத்திலிருந்து எடுக்க வேண்டியது படத்தை அல்ல, படம் செய்யப்பட்ட விதத்தை. எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுக் கதை நிறையப் பேருக்குத் தெரியும். ஒரு வாரம் முழுக்கத் தின்றுகொண்டே போகும் புழு, தின்ற இடமெல்லாம் பக்கத்தில் நிஜமான ஓட்டை, கடைசியில் பட்டாம்பூச்சி. காகிதத்தில் துளை போடும் பஞ்சிங் கருவியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது தோன்றிய யோசனை அது. ஆனால் வகுப்புக்கு எனக்கு வேண்டியது ஓட்டை இல்லை, அவருடைய அலமாரி. கார்ல் நேரடியாகப் புழுவை வரையவில்லை. முதலில் மெல்லிய டிஷ்யூ தாள்களில் வெறும் வண்ணம் பூசி, கோடும் புள்ளியும் இழுத்துக் காயவைத்து, நிறவாரியாக இழுப்பறைகளில் அடுக்கி வைத்துக்கொள்வார். படம் வேண்டும்போது அந்தத் தாளிலிருந்து வெட்டி ஒட்டுவார்.

இதை அப்படியே இரண்டு வாரப் பாடமாக்கலாம். முதல் வாரம் படமே கிடையாது, தாள் தயாரிப்பு மட்டும். ஏ4 தாளில் தண்ணீர் விட்ட போஸ்டர் கலர் பூசி, ஈரம் காய்வதற்குள் பழைய சீப்பால் இழுக்கலாம், தேங்காய் நாரால் ஒற்றலாம், காய்ந்த பீர்க்கங்கூட்டை அழுத்தி எடுக்கலாம். "மிஸ், படம் எப்ப வரையறது?" என்று நச்சரிப்பார்கள், காதில் வாங்காதீர்கள். காய்ந்த தாள்களை நிறம் பிரித்துச் செருப்புப் பெட்டிகளில் போடுங்கள். அடுத்த வாரம் பெட்டிகளை நடுவில் வைத்து, யார் தாளை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சீப்பால் இழுத்த ஒரு பச்சைத் தாளைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு "மிஸ், இது நாத்தங்கால்" என்றாள். அன்று அவள் தாளில் மலை இல்லை. வரிசையாக நாற்று, வரப்பில் ஒரு கொக்கு. கொக்குக்கு வெள்ளைத் தாள் போதாமல் கழுத்து குட்டையாகிப் போயிருந்தது.

எல்கேஜி, யுகேஜி பிள்ளைகளுக்குக் கத்தரி பிடிக்கவே வராதே?

கத்தரியே வேண்டாம், கிழிக்கச் சொல்லுங்கள். லியோ லியோனி 1959-இல் செய்த நீலம், மஞ்சள் கதை பிறந்ததே கிழித்த தாளில்தான். பேரக் குழந்தைகளோடு ரயிலில் போகும்போது அவர்கள் படுத்திய பாட்டில், கையிலிருந்த பத்திரிகைப் பக்கத்தை வட்ட வட்டமாகக் கிழித்து வைத்துக் கதை சொல்லியிருக்கிறார். நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் கூட்டாளிகள். கட்டிப்பிடித்துக்கொண்டதும் இரண்டும் பச்சையாகிவிடுகின்றன, வீட்டில் அடையாளம் தெரியவில்லை. கண் கிடையாது, மூக்கு கிடையாது, கை கால் கிடையாது. ஆனாலும் எது அம்மா, எது பிள்ளை என்று நாலு வயதுக் குழந்தை விரல் வைத்துக் காட்டிவிடும்.

கதையைச் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுல இருக்கற எல்லாரையும் கிழிங்க" என்று வண்ணத்தாள்களைக் கொடுத்தேன். ஒரு பையன் எல்லோருக்கும் ஆளுக்கொன்று ஒட்டிவிட்டு, தனக்கு மட்டும் இரண்டு துண்டு ஒட்டியிருந்தான். ஒன்று ஆரஞ்சு, ஒன்று சாம்பல். என்னடா தம்பி என்றால், "இது வீட்டுல இருக்கறப்ப நானு, இது ஸ்கூலுக்குப் போறப்ப நானு" என்றான். எது எது என்று நான் கேட்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பாடம் நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதல் தடவை நான் மறந்துபோனேன். முப்பது குடும்பமும் நூலகம் முழுக்கப் பறந்தது.

வெளிநாட்டுப் புத்தகங்கள் நம் பிள்ளைகளுக்கு ஒட்டுமா? பனியையே பார்க்காத பிள்ளைக்குப் பனிக்கதை எதற்கு?

இதே சந்தேகத்தில் எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'த ஸ்னோயி டே' புத்தகத்தை இரண்டு வருடம் பெட்டியிலேயே வைத்திருந்தேன். 1962-இல் வந்தது, மறுவருடம் படப்புத்தக ஓவியத்துக்கான அமெரிக்காவின் கால்டிகாட் பதக்கம் பெற்றது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன், சிவப்பு உடுப்பு, காலையில் எழுந்தால் ஊரெல்லாம் பனி. அதில் அவன் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறான், உள்பக்கம் திருப்பி நடக்கிறான், காலை இழுத்துக்கொண்டு நடக்கிறான், ஒரு குச்சியால் கோடு போட்டுக்கொண்டே போகிறான். பக்கத்தில் தெரிவது அந்தத் தடங்கள்தான்.

பனி தெரியாவிட்டால் என்ன, தடம் தெரியாதா? படித்து முடித்ததுமே ஒருவன் "எங்க தெருவுல சிமென்ட் ரோடு போட்டப்ப நாய் நடந்துடுச்சு மிஸ், இன்னும் இருக்கு" என்று ஆரம்பித்தான். பிறகு களத்து மேட்டில் கோழிக்கால், மழைக்குப் பின் சேற்றில் சைக்கிள் டயர், ஈரக்காலோடு வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் வாங்கிய அடி என்று ஒரு மணி நேரத்துக்கு வாய் ஓயவில்லை. அன்று எல்லோரும் வரைந்தது தடங்களைத்தான். ஆளே இல்லாத படம், ஆனால் யார் போனது, எந்த வேகத்தில் போனது என்று தெரிய வேண்டும் என்பது நிபந்தனை.

செய்முறைக்கும் அந்தப் புத்தகத்தில் சரக்கு உண்டு. கீட்ஸ் அழிரப்பரில் செதுக்கிய அச்சை வைத்துப் பனித்துகள்களைப் பதித்தார், டூத் பிரஷ்ஷில் மை தொட்டுத் தெறிக்கவிட்டார், அம்மாவின் உடைக்கு அலமாரியில் விரிக்கும் எண்ணெய்த்துணியை வெட்டி ஒட்டினார். நம் பக்கம் அழிரப்பருக்குப் பதில் வெண்டைக்காய். குறுக்கே வெட்டிக் கலரில் தொட்டு ஒற்றினால் ஐந்து மூலைப் பூ. தெறிக்கவிடும் வேலையை வெளித் திண்ணையில் வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளைச் சட்டை போட்ட நூலகருக்கு அருகில் வேண்டவே வேண்டாம்.

நம் நாட்டிலேயே செய்த புத்தகம் எதையாவது சொல்லுங்களேன்.

ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்', 2006. சென்னையில் இருக்கும் தாரா புக்ஸ் வெளியீடு. படம் போட்டவர்கள் மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மூவர்: பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி. பகலில் ஓய்வில்லாமல் உழைக்கும் மரங்கள் இரவில் என்ன செய்கின்றன என்பதுதான் பொருள். கறுப்புத் தாளில், கையால் ஸ்கிரீன் பிரின்டிங் செய்த புத்தகம். ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக ஏறியது. பக்கத்தைத் தடவினால் விரலுக்கே மை தட்டுப்படும். வகுப்பில் இதை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துக் கண்ணை மூடித் தடவச் சொல்வேன்.

இந்த ஓவிய முறையின் வேர், திண்டோரி மாவட்டத்துப் பாடன்கட் கிராமம். அங்கே வீட்டுச் சுவரிலும் தரையிலும் 'டிக்னா' என்று கோலம் இடுகிற வழக்கம் உண்டு. அந்த ஊர்க்காரரான ஜன்கட் சிங் ஷ்யாமை 1980-களின் தொடக்கத்தில் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு ஓவியர் ஜே. சுவாமிநாதன் அழைத்துவந்தார். சுவரில் இருந்தது தாளுக்கும் துணிக்கும் வந்தது அதன் பிறகுதான். அவருடைய உறவுக்காரர்கள் பலரும் ஓவியர்களானார்கள். பஜ்ஜு ஷ்யாமுக்கு 2018-இல் பத்மஸ்ரீ, துர்கா பாய்க்கு 2022-இல்.

உற்றுப் பார்த்தால் இந்தப் படங்களில் உருவத்துக்குள் வெறும் நிறம் இருக்காது. சின்னச் சின்னப் புள்ளி, பிறை, மீன்செதில், விதை என்று ஏதாவது ஒன்று நிரம்பியிருக்கும். அந்த நிரப்பு ஒவ்வொரு ஓவியருக்கும் சொந்தம், கையெழுத்து மாதிரி. என் பாடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது: "உன் கையெழுத்துப் புள்ளி எது?" தாளில் பத்துக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிரப்பை முயன்று பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருத்தி வெந்தயத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஒருவன் பஸ் டிக்கெட். தேர்ந்தெடுத்த பிறகுதான் கறுப்பு சார்ட்டும் வெள்ளை சாக்பீஸும். சாக்பீஸைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வரைந்தால் காய்ந்த பிறகு அவ்வளவாக உதிராது. எறும்பு வருமா என்று கேட்பீர்கள். வரும், உயரத்தில் மாட்டுங்கள்.

வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டே பழகிய பிள்ளை முதலில் திணறும் என்று நினைத்தேன். திணறவில்லை. சாணம் தெளித்த வாசலில் வெள்ளைக் கோலம் விழுவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறார்களே. புள்ளிக்கோலம் போடத் தெரிந்த பெண்பிள்ளைகள் அன்று மற்றவர்களுக்கு மிஸ் ஆகிவிட்டார்கள்.

அதைக் 'கோண்டு ஓவியம்' என்று பள்ளி ஆண்டு விழாவில் மாட்டலாமா?

என் கருத்து, வேண்டாம். ஒரு மான், அதன் கொம்பில் மரம், உள்ளே புள்ளி என்று இணையத்தில் பார்த்து வரைந்துவிட்டுக் கோண்டு ஓவியம் என்று எழுதுவது அவர்கள் வீட்டுக் கோலத்தை நம் வாசலில் போட்டு நம் பெயரை எழுதுவது போலத்தான். பிள்ளையின் பெயரை எழுதுங்கள். கீழே, இந்த யோசனை எந்தப் புத்தகத்தில், எந்த ஓவியர்களிடம் கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியைப் பிள்ளையே எழுதட்டும்.

வகுப்பில் நாற்பது பேர், கையில் ஒரே புத்தகம். எப்படிக் காட்டுவது?

அரைவட்டமாக உட்காரவைத்து இருபது இருபதாக இரண்டு தடவை. ஸ்மார்ட் போர்டில் போடலாம்தான், படம் பெரிதாகத் தெரியும். ஆனால் பக்கம் புரளும் அந்த நொடி போய்விடும். அடுத்த பக்கத்தில் என்ன என்று கழுத்தை நீட்டும் பிள்ளையைத் திரை முன்னால் நான் பார்த்ததில்லை.

எழுத்தை முதலில் வாசிக்க வேண்டாம். படத்தைக் காட்டி மூன்றே கேள்வி: "இதுல என்ன நடக்குது?" "எதைப் பாத்து அப்படிச் சொல்ற?" "இன்னும் வேற என்ன தெரியுது?" இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் அபிகெய்ல் ஹவுசன், பிலிப் யெனவைன் இருவரும் அருங்காட்சியகப் படங்களைப் பார்ப்பதற்காக உருவாக்கிய முறை. இரண்டாவது கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. "அந்த மாமா கோவமா இருக்காரு" என்று சொன்ன பிள்ளை, எதைப் பார்த்து என்று கேட்டதும் புருவத்தின் கோட்டைக் காட்டும். சரி தப்பு சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டமான வேலை. எனக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

நாலாவது, ஐந்தாவது படிப்பவர்கள் "இது பாப்பா புத்தகம்" என்று முகத்தைச் சுளிக்கிறார்களே?

கதையைச் சொல்லாமல் கட்டுமானத்தைக் காட்டுங்கள். மாரிஸ் சென்டாக்கின் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்', 1963. சேட்டை செய்த மாக்ஸ் சாப்பாடில்லாமல் அறைக்குள் அடைபடுகிறான். முதல் பக்கத்தில் படம் சிறியது, சுற்றிலும் வெள்ளை. அறைக்குள் காடு முளைக்க முளைக்க ஒவ்வொரு பக்கமாகப் படம் பெருக்கிறது, வெள்ளை சுருங்குகிறது. பூதங்களோடு கும்மாளம் போடும் இடத்தில் மூன்று முறை புரட்டும் வரை ஒரு எழுத்துகூட இல்லை, இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படமே அடைத்துக்கொள்கிறது. வீடு திரும்பியதும் மறுபடி வெள்ளை வருகிறது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது, சில சொற்கள் மட்டும்.

ஸ்கேலைக் கொடுத்து ஒவ்வொரு படத்தையும் அளக்கச் சொன்னேன். கணக்குப் பாடம் போல ஆரம்பித்தது. பாதியில் ஒருவன் "டேய், அவன் கோவம் பெருசாகப் பெருசாகப் படம் பெருசாகுதுடா" என்று கத்தினான். அதன் பிறகு பாப்பா புத்தகம் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த வேலை: ஏ4 தாளை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் கிடைக்கும். அதில் 'கரண்ட் போன ராத்திரி'. எந்தப் பக்கத்தில் இருட்டு எவ்வளவு இடத்தை அடைக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும், ஆள் வரைவது பிறகு.

இந்த விலையில் புத்தகம் வாங்க எங்களால் முடியாதே?

மேலே சொன்னவற்றில் பாதியை நானும் நூலகத்திலும் நண்பர்களிடமும் இரவல் வாங்கித்தான் காட்டினேன். காசில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்துக்குப் போங்கள். 2015 முதல் இயங்குகிறது, தமிழிலும் ஏராளமான படக்கதைகள், இறக்கி அச்சிட்டுக்கொள்ள அனுமதி உண்டு. அரசுப் பள்ளியென்றால் வாசிப்பு இயக்கத்தில் வந்த 'நுழை, நட, ஓடு, பற' புத்தகங்கள் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயம் இரண்டும் மலிவு. தூலிகாவில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள் கிடைக்கும். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸை மட்டும் தவிருங்கள். நிறத்துக்காகத்தானே இவ்வளவு பாடு?

எனக்கே வரையத் தெரியாது. நான் எப்படி வகுப்பு எடுப்பது?

ரொம்ப நல்லது. போர்டில் மாதிரிப் படம் போட்டுக் காட்டும் ஆசை உங்களுக்கு வராது.

படத்தைக் கொண்டுவந்து காட்டினால் என்ன சொல்ல வேண்டும்? "சூப்பர்" போதாதா?

சூப்பர் சொன்னால் அடுத்த தடவையும் அதையே வரைந்து வருவார்கள், மறுபடி சூப்பர் வாங்க. "என்னது இது?" என்று கேட்டாலோ முகம் வாடிவிடும். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "இந்த ஓரத்துல மட்டும் அழுத்தித் தேய்ச்சிருக்கியே." மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள். மதிப்பெண் போடுவதில்லை. போடச் சொல்லும் பள்ளியாக இருந்தால் வந்தவர் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட்டுவிட்டு வாருங்கள்.

"டிராயிங் கிளாஸ்னு அனுப்புனா கிழிஞ்ச பேப்பரைத்தான் கொண்டு வருது" என்று பெற்றோர் கோபப்படுகிறார்களே?

என்னிடமும் ஒரு அப்பா வந்து கேட்டார். அடுத்த சனிக்கிழமை அவரையும் பாயில் உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தேன். நெடுநேரம் யோசித்துவிட்டு இரண்டு மலை வரைந்தார். பக்கத்திலிருந்த அவர் மகள் "அப்பா, நாம எப்பப்பா மலைக்குப் போனோம்?" என்று கேட்டாள். இப்போது அவர்தான் வாராவாரம் பழைய செய்தித்தாள் கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்.

எந்தப் பசை நல்லது?

வீட்டில் காய்ச்சிய மைதா பசை. ஒரு பங்கு மாவு, நாலு பங்கு தண்ணீர், கட்டி தட்டாமல் கிளறிக் கஞ்சிப் பதத்தில் இறக்கினால் போதும். பைண்டிங் கடையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது, விஷம். அன்றன்று காய்ச்சி அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

இப்படிக் கையாண்டால் புத்தகம் கிழியாதா?

கிழியும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிசுபிசுவென்று பக்கத்து ஏட்டையும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டிஷ்யூ தாளைப் பட்டையாகக் கிழித்து, நீர்க்கக் காய்ச்சிய பசை தடவி, கிழிசலின் பின்பக்கம் ஒட்டி, மேலே கனமான அகராதி ஒன்றை வைத்துவிடுங்கள். எங்கள் பெட்டியில் அந்த வேலைக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் இருக்கிறார்கள். புத்தகத்தைக் கிழித்ததும் அவர்கள்தான்.